லிக்கியப் பாதை: இரண்டு வாரம், அப்பாவுடன். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

தேன்மொழி (ம்யூனிக்)

அனைவருக்கும் வணக்கம். துருக்கியின் தென்மேற்கே, ஃபெத்தியே வளைகுடாவுக்கும் அந்தால்யா வளைகுடாவுக்கும் நடுவே கடலுக்குள் நீண்டிருக்கும் தெக்கே தீபகற்பத்தில் நடக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. லிக்கியா என்பது அந்தப் பகுதியின் பழைய பெயர்; அதன் கரையோரமாகப் போகும் நெடுநடைப் பாதைதான் லிக்கியப் பாதை. அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

இம்முறை அப்பாவும் வருகிறார். அவருக்கு 62 வயது. கோயம்புத்தூரில் தினமும் விடியற்காலையில் நடப்பவர். ஏற்றத்தில் என்னைவிட நன்றாக நடப்பார். இறக்கத்தில்தான் முழங்கால் படுத்தும். சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவார்.

எனக்கு ஜூன் மாதத்தில் இரண்டு வாரம் விடுமுறை கிடைக்கும். முயன்றால் ஏப்ரலுக்கு மாற்றலாம். பாதையின் முழு நீளம் 540 கிலோமீட்டர் என்கிறார்கள். அத்தனையும் இரண்டு வாரத்தில் முடியாது என்று தெரியும். மேற்கிலிருந்து தொடங்கி முடிந்தவரை நடப்பதா, அல்லது நல்ல பகுதிகளை மட்டும் பொறுக்கி எடுப்பதா? கூடாரம் எடுத்துவர வேண்டுமா? நடந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுவழி

தேன்மொழி, முதலில் ஜூன் மாதத்தை மறந்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு பேசலாம்.

அந்தக் கரை முழுவதும் சுண்ணாம்புக் கல். மழை பெய்த நீர் கல்லின் வெடிப்புகள் வழியாக உள்ளே போய்விடும், மேலே நிற்காது. மே கடைசியிலேயே சிற்றோடைகள் வற்றத் தொடங்கும். ஜூலை, ஆகஸ்டில் நிழலிலேயே 35 டிகிரியைத் தாண்டும். பாதையின் பெரும்பகுதியில் நிழலே இல்லை. இடுப்புயர முட்புதர்களும் வெள்ளைப் பாறையும்தான். வெயில் மேலிருந்தும் வரும், பாறையிலிருந்தும் வரும். கோடையில் காட்டுத் தீ பயமும் உண்டு. 2021இல் தீபகற்பத்துக்குக் கிழக்கே மனவ்காத் பகுதியில் எரிந்த தீயைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். வறண்ட மாதங்களில் காட்டுக்குள் நுழையவே மாவட்ட நிர்வாகம் தடை போடும் நாட்கள் உண்டு.

மார்ச் கடைசியிலிருந்து மே நடு வரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. இதுதான் நடக்கிற காலம். வசந்தத்தில் பூவும் பசுமையும் கிடைக்கும். இலையுதிர் காலத்தில் கடல் நீர் வெதுவெதுப்பாக இருக்கும், ஆனால் கோடை முழுவதும் காய்ந்த நிலத்தில் ஊற்றுகள் பல வற்றிக் கிடக்கும். அப்பாவுடன் போவதானால் ஏப்ரல் நடுப்பகுதியைச் சொல்வேன்.

முழுவதும் நடப்பதா, பொறுக்குவதா என்ற கேள்விக்கு என் பதில் தெளிவானது: பொறுக்குங்கள். அந்தப் பாதை ஒரே மூச்சில் நடந்து முடிப்பதற்காகப் போடப்பட்டதன்று. ஆடு ஓட்டிய வழி, கழுதை போன வழி, ரோமானியர் கல் பாவிய வழி, ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போன வழி என்று தனித்தனியாகக் கிடந்தவற்றை ஒருவர் தேடிக் கண்டுபிடித்து இணைத்ததுதான் அது. துருக்கியில் குடியேறிய கேட் க்ளோ என்ற ஆங்கிலேயப் பெண்மணி அந்த வேலையைச் செய்தார். 1999இல் பாதை திறக்கப்பட்டது. பிரான்ஸ் நாட்டு நெடும்பாதைகளைப் போலவே பாறைகளில் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு பட்டைக் கோடுகள் இருக்கும். சிவப்புப் பெருக்கல் குறி கண்டால் அந்த வழியே போகக் கூடாது.

ஆகவே எந்த ஊரில் சேர்ந்து எந்த ஊரில் விலகினாலும் அது முழுமையான நடைதான். கடற்கரை நெடுஞ்சாலையான டி-400 பாதைக்குப் பெரும்பாலும் அருகிலேயே ஓடுகிறது. ஃபெத்தியே, கல்கான், காஷ், தெம்ரே, ஃபினிகே என்று சிற்றுந்துகள் போய்க்கொண்டே இருக்கும். கை காட்டினால் நிறுத்துவார்கள்.

கூடாரவாசி

நெடுவழி ஐயா சொன்ன காலக்கணக்கு முற்றிலும் சரி. பொறுக்குவது பற்றி மட்டும் மாறுபடுகிறேன்.

பொறுக்குகிறவர்கள் எல்லாரும் ஒரே இடங்களைத்தான் பொறுக்குகிறார்கள். ஓலுதெனிஸ், கபாக், காஷ், கெக்கோவா, ஒலிம்போஸ். எல்லாம் கடலோரம். எல்லா இடத்திலும் விடுதிகள், ஆங்கிலப் பெயர்ப்பலகை, படகுச் சுற்றுலா. அந்த மண்ணின் மக்கள் இருப்பது உள்நாட்டில். கல்கானிலிருந்து காஷ் போகும் வழி கடலை விட்டு மலைக்கு ஏறி, சாரிபெலென், கெக்சேஓரென் போன்ற ஊர்கள் வழியாகப் போகிறது. அங்கே நடந்தபோது, கம்பளி நூற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி நான் கேட்காமலேயே தேநீர் கொண்டுவந்து வைத்தார். பணம் நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். பொறுக்கி நடப்பவர்களின் பட்டியலில் அந்த ஊர்கள் வருவதே இல்லை.

இன்னொன்று. மேற்கிலிருந்து வரிசையாக நடந்தால் நிலம் மாறுவது காலில் தெரியும். பதாராவின் மணல், தெம்ரே சமவெளியின் தக்காளிக் கண்ணாடிக் கூடங்கள், அங்கிருந்து அலாகிலிசே வழியாக 1,800 மீட்டரை ஒட்டிய மேட்டுக்கு ஏற்றம், தேவதாரு மரங்கள், கடைசியில் 2,365 மீட்டர் தஹ்தாலி மலை. மார்ச் கடைசியில் மேற்கில் தொடங்கினால் கிழக்கே போய்ச் சேரும்போது தஹ்தாலியின் பனி கரைந்திருக்கும். பேருந்தில் தாவித் தாவிப் போகிறவருக்கு அந்த ஒழுங்கு கிடைக்காது.

இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் ஃபெத்தியேயிலிருந்து காஷ் வரை தொடர்ச்சியாக நடங்கள். கூடாரம் அவசியம். எங்கே இருட்டுகிறதோ அங்கே தங்கலாம் என்பதே பெரிய விடுதலை.

நெடுவழி

தம்பி, உள்நாட்டு ஊர்களைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கூடாரத்தை ஏற்கமாட்டேன். 62 வயதுக்காரர், இறக்கத்தில் முழங்கால் வலி உள்ளவர். அவர் முதுகில் கூடாரமும் தூக்கப்பையும் அடுப்பும் ஏற்றினால் வலி இருமடங்காகும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு.

அந்தப் பாதையில் தடம் மங்காமல் இருப்பது எதனால்? அங்கே இன்னும் மனிதர்கள் வசிப்பதனால். அலின்ஜா, கெய், பெல் போன்ற மலையூர்களில் வருமானம் குறைவு. பிள்ளைகள் ஃபெத்தியேவுக்கும் அந்தால்யாவுக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, நடப்பவருக்கு இரவு உணவும் காலை உணவும் கொடுத்துக் காசு வாங்கும் குடும்பங்கள்தான் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கூடாரம் போட்டு, பையில் கொண்டுவந்த நூடுல்ஸைக் கொதிக்கவைத்துத் தின்றுவிட்டுப் போகிறவரால் அந்த ஊருக்கு என்ன கிடைக்கிறது? தேநீருக்குக் காசு வாங்காத பாட்டியின் வீட்டில் ஓர் இரவு தங்கிக் காசு கொடுத்திருக்கலாம். அதை அவர் மறுத்திருக்க மாட்டார்.

கூடாரவாசி

அது நியாயம்தான். ஆனால் எல்லா ஊரிலும் வீடு கிடைக்காது. நவம்பரிலிருந்து மார்ச் வரை பல விடுதிகள் பூட்டியிருக்கும். தெம்ரேவுக்கும் ஃபினிகேவுக்கும் இடையிலான மலைப்பகுதியில் கூடாரம் இல்லாமல் நடப்பது ஆபத்து. நான் சொல்வது முழு நடைக்கு.

நெடுவழி

அந்த மலைப்பகுதிக்கு ஒப்புக்கொள்கிறேன். தேன்மொழி அங்கே போக வேண்டியதில்லை.

யாழினி

நான் தனியாக நடந்தவள். ஆகவே என் பங்குக்குச் சில செய்திகள்.

பெண் தனியாக நடப்பது பற்றி எல்லாரும் பயமுறுத்தினார்கள். ஊர்களில் ஒருமுறைகூட எனக்குத் தொல்லை வந்ததில்லை. வீட்டுப் பெண்கள் முதலில் கேட்கும் கேள்வி "தனியாகவா?" என்பது. அடுத்தது "சாப்பிட்டாயா?" என்பது. அதன் பிறகு நாம் அவர்கள் வீட்டுப் பெண்தான்.

உண்மையான கவலை இரண்டு: தண்ணீர், நாய்.

தண்ணீர். பாதையோரத்தில் கல்லால் கட்டிய, அரைக்கோள வடிவக் கூரை போட்ட தொட்டிகளைப் பார்ப்பீர்கள். மழைநீரைச் சேர்த்துவைக்க மேய்ச்சல்காரர்கள் கட்டியவை. துருக்கியில் சார்னிச் என்பார்கள். பக்கவாட்டில் ஓர் ஆள் குனியும் அளவுக்கு வாசல் இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் முதலில் எதுவுமே தெரியாது. கண் இருளுக்குப் பழகியபின் கீழே கறுப்பாக நீர் அசைவது தெரியும். சிலவற்றில் கயிறு கட்டிய வாளி கிடக்கும், சிலவற்றில் கயிறு மட்டும் கிடக்கும். ஆகவே ஒரு மெல்லிய கயிறும் வாயை வெட்டிய பிளாஸ்டிக் புட்டியும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நீரின் மேல் இலை, பூச்சி, சில நேரம் செத்த தவளை கிடக்கும். வடிகட்டியும் மாத்திரையும் இல்லாமல் குடிக்கக் கூடாது. வாளியைப் பயன்படுத்தினால் இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். இடையன் மாலையில் ஆடுகளுக்கு அதிலிருந்துதான் இறைப்பான்.

ஊர்களுக்குள் பள்ளிவாசல் முற்றத்தில் குழாய் இருக்கும். அந்த நீர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஊரை விட்டுக் கிளம்பும்போது ஆளுக்கு மூன்று லிட்டர் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

நாய். ஆட்டு மந்தையைக் காக்கும் பெரிய நாய்கள். அவற்றுக்கு நம்மீது பகை இல்லை, மந்தைக்கும் நமக்கும் நடுவே நிற்பதே அவற்றின் வேலை. ஓடக் கூடாது. நின்று, இடையனைக் குரல் கொடுத்துக் கூப்பிடுங்கள். மந்தையைச் சுற்றி அகலமாக வளைந்து போங்கள். குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்தாலே பெரும்பாலும் விலகிவிடும். எறிய வேண்டியதில்லை.

முழங்கால் மூடிய கால்சட்டை அவசியம். எந்த வெயிலிலும் அரைக்கால்சட்டை வேண்டாம். முள்ளின் கீறல் ஆற நாளாகும்.

சுந்தரம் (லண்டன்)

பையை ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு. நானும் என் மனைவியும் அப்படித்தான் போனோம். முதுகில் தண்ணீரும் மதிய உணவும் மட்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு இது பெரிய உதவி. நிறுவனம் வேண்டாம் என்றால் தங்கும் வீட்டுக்காரரிடமே கேளுங்கள். அடுத்த ஊரில் அவருடைய மைத்துனரோ மாமாவோ விடுதி வைத்திருப்பார். தம் வண்டியில் பையை அனுப்பிவிடுவார்.

இரண்டு கைத்தடி இல்லாமல் அப்பாவை இறங்கவிடாதீர்கள். அந்தப் பாறை கத்தி முனை போன்றது, காலணியின் அடிப்பாகம் கெட்டியாக இருக்க வேண்டும். புதுக் காலணியோடு போய் இறங்காதீர்கள்.

தேன்மொழி (ம்யூனிக்)

எல்லாருக்கும் நன்றி. ஏப்ரலுக்கு மாற்றிவிட்டேன். 12ஆம் தேதி தலமான் விமான நிலையத்தில் இறங்குகிறோம், திரும்புவது அந்தால்யாவிலிருந்து. கூடாரம் இல்லை.

அப்பாவிடம் இந்த இழையைப் படித்துக் காட்டினேன். அவர் கேட்ட கேள்வி: "பழைய ஊர்கள் நிறைய இருக்கின்றனவே, எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?" அவர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர்.

கல்வெட்டு நேசன்

பொதுப்பணித் துறைப் பொறியாளரா? அப்படியானால் அவரை வேறு எங்கும் கூட்டிப் போகாவிட்டாலும் தெலிக்கெமருக்குக் கூட்டிப் போங்கள் தேன்மொழி. இதற்காகவே பதில் எழுதுகிறேன்.

பதாரா நகரத்துக்கு மலையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த ரோமானியக் கால்வாய் வழியில், கல்கானுக்கு அருகே ஒரு பள்ளம் குறுக்கிட்டது. வழக்கமாக அங்கே வளைவு வளைவாக உயர்ந்த பாலம் கட்டி அதன்மேல் வாய்க்கால் ஓட்டுவார்கள். அங்கே அப்படிச் செய்யவில்லை. பள்ளத்தின் குறுக்கே ஒரு பெருஞ்சுவர் எழுப்பி, அதன்மேல் கல்லால் ஆன குழாய் பதித்தார்கள். ஒரு பக்கத்தில் நீரைக் கீழே இறக்கி, மறுபக்கத்தில் அதன் அழுத்தத்தாலேயே மேலே ஏற்றும் முறை.

அந்தக் குழாயை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் ஆள் தூக்க முடியாத கனசதுரக் கல். நடுவே வட்டமாகத் துளை. கல்லின் ஒரு முகத்தில் துளையைச் சுற்றி விளிம்பு புடைத்திருக்கும், மறுமுகத்தில் அதே அளவுக்குக் குடைந்திருக்கும். ஒன்றின் புடைப்பு அடுத்ததன் குடைவுக்குள் பொருந்தி அமரும். இடுக்கில் சுண்ணக் காரை. இன்று நாம் பதிக்கும் குழாயின் இணைப்பும் இதே முறைதான். கி.பி. முதல் நூற்றாண்டு வேலை. சுவர்மேல் வரிசையாக அந்தக் கற்கள் இன்றும் கிடக்கின்றன. கையைத் துளைக்குள் விட்டுப் பார்த்தால் நீர் படியவைத்த சுண்ணாம்பு விரலில் தட்டும். லிக்கியப் பாதை அந்தச் சுவரை ஒட்டியே போகிறது. வேலி இல்லை, கட்டணம் இல்லை, காவலர் இல்லை.

அங்கிருந்து பதாராவுக்கு வாருங்கள். லிக்கிய நகரங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு நடத்தின. பெரிய நகரத்துக்குக் கூடுதல் வாக்கு, சிறியதற்குக் குறைவு. அந்தக் கூட்டமைப்பு கூடிய மன்றக் கட்டடத்தைச் சீரமைத்திருக்கிறார்கள். படியில் உட்கார்ந்து பார்க்கலாம். வெளியே 18 கிலோமீட்டர் மணற்கரை. கடலாமை முட்டையிடும் கரை என்பதால் அந்தப் பருவத்தில் இரவில் அங்கே யாரையும் அனுமதிப்பதில்லை, விடுதிகளும் கட்ட விடவில்லை. அதனால்தான் இன்னும் கரையாகவே இருக்கிறது.

ஜான்தோசும் லேத்தோனும் 1988 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. ஜான்தோசின் சிறந்த சிற்பங்களை 19ஆம் நூற்றாண்டில் பெயர்த்து லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சுந்தரம் ஐயா பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பார். மூலத் தளத்தில் வெறும் மேடை நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கும்.

மிரா, இன்றைய தெம்ரே. பாறைமுகத்தில் மரவீட்டின் உத்திரம், கதவுநிலை எல்லாம் அப்படியே கல்லில் செதுக்கிய கல்லறைகள். கைதியாக ரோமுக்குப் போன பவுல் இங்கேதான் கப்பல் மாறினார் என்று விவிலியத்தில் வருகிறது.

சுந்தரம் (லண்டன்)

ஜான்தோஸ் சிற்பங்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய கூடம், நல்ல விளக்கு, எல்லாம் இருக்கிறது. அந்தப் பெண் சிலைகளின் ஆடை பின்புறம் பறக்கும்படி செதுக்கியிருப்பார்கள். கடற்காற்று அடிக்கும் மேட்டில் இருக்க வேண்டியவை.

நெடுவழி

தேன்மொழி, உங்களுக்கு ஒரு திட்டம் எழுதுகிறேன். கூடாரவாசி தம்பியின் பேச்சையும் மதித்து ஓர் உள்நாட்டு ஊரைச் சேர்த்திருக்கிறேன்.

ஃபெத்தியேயில் இறங்கியதும் கயாகோய்க்குப் போங்கள். கிரேக்கக் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த மலைச்சரிவு ஊர். 1923இல் கிரீசும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டபோது காலியானது. கூரையில்லாத நூற்றுக்கணக்கான வீடுகள். அங்கிருந்து பைன் காட்டு வழியாக ஓலுதெனிசுக்கு நடப்பது அரை நாள். கால் பழகுவதற்கு ஏற்றது.

அடுத்த நாள் ஓவாஜிக்கில் பாதை தொடங்குமிடம். பாபாதா மலையின் இடுப்பில் ஏறி, கிர்மே வழியாக ஃபரல்யா. தலைக்கு மேலே பாராசூட் வண்ணங்கள், காலடியில் கடல். ஃபரல்யாவில் இருந்து கீழே பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்கு தெரியும். கயிறு பிடித்து இறங்கும் ஒரு வழி அங்கே இருக்கிறது. இறங்காதீர்கள். விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டுமென்றால் ஓலுதெனிசிலிருந்து படகு இருக்கிறது.

பிறகு கபாக். அங்கிருந்து அலின்ஜாவுக்கு ஏற்றம். கடினம், ஆனால் அப்பா ஏற்றத்தில் நன்றாக நடப்பவர் என்கிறீர்கள், ஆகவே இந்தத் திசையில்தான் அவருக்குச் சௌகரியம். அலின்ஜாவில் ஓர் இரவு கட்டாயம். ஏழு முனைகள் என்று அழைக்கப்படும் கடற்பாறைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கே நீண்டு கிடப்பது அங்கிருந்துதான் தெரியும். அடுத்து கெய். கூடாரவாசி சொன்ன வகை ஊர்.

கெய்யிலிருந்து வண்டி பிடித்து பதாரா. இரண்டு இரவு. ஒரு நாள் தெலிக்கெமருக்கு.

பிறகு காஷ். அங்கே ஒரு நாள் முழு ஓய்வு. காஷிலிருந்து லிமன்ஆஸிக்கு நடக்கும் வழியில் கயிறு பிடித்து இறங்கும் செங்குத்தான இடம் இருப்பதால் அதை விட்டுவிடுங்கள். முழங்காலுக்கு ஆகாது. வண்டியில் கிலிஞ்சிலிக்குப் போய் அங்கிருந்து அப்போல்லோனியா, அபெர்லாய் வழியாக ஊச்சாயிஸ். என்னைக் கேட்டால் தீபகற்பம் முழுவதிலும் சிறந்த நாள் இதுதான். அபெர்லாயில் சாலை இல்லை. கரையோர நகரத்தின் பாதி நீருக்குள் இருக்கிறது. முரெக்ஸ் என்னும் கடல் நத்தையிலிருந்து ஊதாச் சாயம் எடுத்து வாழ்ந்த ஊர். உடைத்துப்போட்ட ஓடுகள் இன்னும் மண்ணில் தட்டுப்படும். எடுக்காதீர்கள்.

ஊச்சாயிஸிலிருந்து காலேக்கோய் சிறு நடை. அங்கேயும் வண்டி போகாது. படகு அல்லது கால். நீருக்குள் தனியாக நிற்கும் கல்சவப்பெட்டியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள், அது அங்கேதான். எதிரே கெக்கோவாத் தீவின் மூழ்கிய சுவர்கள். அந்தப் பகுதியில் நீந்தத் தடை உண்டு.

தெம்ரேயிலிருந்து மலைப்பகுதியையும், ஃபினிகேக்குப் பிறகு வரும் தார்ச்சாலை நடையையும் பேருந்தில் கடந்து, கடைசிச் சில நாட்களை அத்ராசான், ஒலிம்போஸ், சிராலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கூடாரவாசி

கெலிடோன்யா கலங்கரை விளக்கத்தை விட்டுவிட்டீர்களே ஐயா! பொறுக்குவதென்றாலும் அதைப் பொறுக்காமல் விட முடியுமா?

கராவோசிலிருந்து மண்பாதையில் நடந்து, கடைசியில் காட்டுக்குள் ஏறினால் விளக்கம். 1936இல் கட்டியது. கடல்மட்டத்திலிருந்து 227 மீட்டர் உயரத்தில் இருப்பதால் துருக்கியின் விளக்கங்களிலேயே உயரமான இடத்தில் நிற்பது அதுதான். கீழே முனையிலிருந்து தீவுகள் வரிசையாகக் கடலுக்குள் போகின்றன. அந்த முனையருகே ஏறத்தாழ கி.மு. 1200இல் செம்புக் கட்டிகள் ஏற்றிய கப்பல் ஒன்று பாறையில் மோதி மூழ்கியது. 1960இல் ஜார்ஜ் பாஸ் என்ற அமெரிக்கத் தொல்லியலாளரின் குழு கடலடியிலேயே இருந்து அதை அகழ்ந்தது. நீருக்கடியிலான தொல்லியல் ஒரு துறையாக வளர்ந்தது அங்கிருந்துதான். விளக்கின் அடியில் நின்று பார்த்தால் கப்பல்கள் ஏன் அங்கே மூழ்கின என்பதற்கு விளக்கமே தேவையில்லை.

நெடுவழி

விளக்கத்தை நானும் நேசிக்கிறேன். தயங்கியது அங்கிருந்து அத்ராசானுக்குப் போகும் நாளை நினைத்து. நீளமானது, ஏறி இறங்குவது, நடுவில் வீடும் இல்லை, நம்பத் தக்க தண்ணீரும் இல்லை. அப்பாவுடன் போவதானால் கராவோசிலிருந்து விளக்கம் வரை போய்விட்டு வந்த வழியே திரும்பலாம். வண்டியைக் கராவோசில் காத்திருக்கச் சொல்லுங்கள். அப்படியானால் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை.

யாழினி

சைவ உணவு பற்றி யாரும் சொல்லவில்லை.

மலையூர்களில் சைவம் எளிது, நகரங்களில்தான் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். காலை உணவு என்றால் ஆலிவ், வெண்ணெய், பாலாடைக்கட்டி, தக்காளி, வெள்ளரி, தேன், வீட்டில் சுட்ட ரொட்டி, முட்டை என்று மேசை நிறையும். பாதையோரப் பெண்கள் மெல்லிய மாவை வளைந்த இரும்புத் தகட்டில் சுட்டு, கீரையோ பாலாடைக்கட்டியோ வைத்து மடித்துத் தருவார்கள். கெஸ்லெமே என்று பெயர். இரவில் பருப்பு சூப், அவரைக்காய், கத்தரிக்காய் ஆலிவ் எண்ணெயில். சூப்பில் மட்டும் எலும்புச் சாறு கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "எத்சிஸ்" என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். முன்தினமே தொலைபேசியில் சொல்லிவிட்டால் தனியாகவே சமைத்துவைப்பார்கள். அப்பாவுக்கு ஊறுகாய் வேண்டுமென்றால் கையோடு கொண்டுபோங்கள்.

மலையூர்களில் பணம் எடுக்கும் இயந்திரம் இல்லை. அட்டையும் செல்லாது. கல்கான், காஷ், தெம்ரேயில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாறன் (சென்னை)

இடையில் ஒரு கேள்வி. இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு விசா எப்படி?

சுந்தரம் (லண்டன்)

செல்லுபடியாகும் ஷெங்கன், பிரிட்டன், அமெரிக்கா அல்லது அயர்லாந்து விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் இந்தியர்கள் இணையவழி விசா எடுக்கலாம். இல்லையென்றால் தூதரகம் வழியாகத்தான். தேன்மொழிக்கு ஜெர்மனியில் அனுமதி இருக்கும்; அப்பா ஷெங்கன் விசாவில் வருகிறார் என்றால் அவருக்கும் வழி இருக்கிறது. பயண நாளில் அந்த விசா காலாவதியாகாமல் இருக்க வேண்டும். விதிகள் மாறும், துருக்கி அரசின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அதேபோன்ற பெயரில் கூடுதல் பணம் பிடுங்கும் இடைத்தரகர் தளங்கள் நிறைய இருக்கின்றன.

கல்வெட்டு நேசன்

சிராலியில் தங்கும்போது யனார்தாஷை இரவில் பாருங்கள். மலைச்சரிவில் பாறை வெடிப்புகளிலிருந்து வாயு கசிந்து, தானாகவே எரிந்துகொண்டிருக்கும் தீ. பெரும்பகுதி மீத்தேன். நெருப்பு கக்கும் கிமேரா என்ற விலங்கின் கதை பிறந்த இடமாக இதைத்தான் சொல்கிறார்கள். அணைத்தாலும் சற்று நேரத்தில் மீண்டும் பற்றிக்கொள்ளும். கீழே கிரேக்கர்களின் நெருப்புக் கடவுளுக்குக் கட்டிய கோயிலின் இடிபாடு. டார்ச் விளக்கு தேவை, படிகள் கரடுமுரடு. அந்தத் தீயில் பலகாரம் சுட்டுத் தின்று குப்பையை அங்கேயே விட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் கைகூப்பி நின்ற இடம் அது.

தேன்மொழி (ம்யூனிக்)

நெடுவழி ஐயா, உங்கள் திட்டத்தை அச்சிட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். தெலிக்கெமர் பகுதியைக் கோடு போட்டு வைத்திருக்கிறார். அபெர்லாய் நாளுக்கு ஊச்சாயிஸில் அறை சொல்லிவிட்டேன். விளக்கத்துக்குப் போய்த் திரும்புவதையும் சேர்த்துவிட்டோம்.

கடைசியாக இரண்டு கேள்விகள். தஹ்தாலி உச்சிக்கு ஏப்ரலில் நடக்கலாமா? சிராலியிலிருந்து அந்தால்யா விமான நிலையத்துக்கு எப்படிப் போவது?

நெடுவழி

ஏப்ரலில் தஹ்தாலியின் மேல்பகுதியில் பனி இருக்க வாய்ப்பு அதிகம். பனியில் நடக்கும் கருவிகள் இல்லாமல் போக வேண்டாம். கெமருக்கும் தெகிரோவாவுக்கும் நடுவே கீழிருந்து உச்சி வரை கம்பிவட வண்டி இருக்கிறது. காலையில் மேகம் இல்லாத நாளில் போங்கள். மதியத்துக்குப் பிறகு பெரும்பாலும் மூடிவிடும். வானிலையை அடிவாரத்தில் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

சிராலியிலிருந்து டி-400 சந்திப்பு வரை ஏழு கிலோமீட்டர் மேட்டுச் சாலை. அதற்குச் சிற்றுந்து உண்டு. நிரம்பினால்தான் கிளம்பும், ஏப்ரலில் எண்ணிக்கையும் குறைவு. சந்திப்பிலிருந்து அந்தால்யா பேருந்துகள் அடிக்கடி வரும், அந்தால்யா பேருந்து நிலையத்தில் இறங்கி விமான நிலையத்துக்கு மாற வேண்டும். காலை விமானம் என்றால் முந்தைய இரவே அந்தால்யாவுக்குப் போய்விடுங்கள். அவசர எண் 112, எல்லாவற்றுக்கும் அதுதான். வரைபடத்தைத் தொலைபேசியில் இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கபாக்கிற்கும் கெய்க்கும் இடையே பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

யாழினி

ஏப்ரலில் தேன்பெட்டிகளைப் பாதையோரத்தில் வரிசையாக வைத்திருப்பார்கள். தேனீ ஒவ்வாமை இருந்தால் மருந்து கையிலேயே இருக்கட்டும், பைக்குள் வேண்டாம். பெட்டிகளுக்கு முன்பக்கமாகப் போகாமல் பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

கூடாரவாசி

தேன்மொழி அக்கா, கெய்யில் தங்கும் வீட்டில் மறுநாள் காலை பெல் வரை நடந்துவிட்டு அங்கிருந்து வண்டி கேட்டுப் பாருங்கள். ஒரு காலை நேர நடைதான் கூடுதல். வண்டி பெல் வரை வரும், சாலை இருக்கிறது.